கொங்கு வீடும் மார்கழிக் குளிரும்: வெப்பம் எந்த வழியில் போகிறது?

மார்கழி பிறந்துவிட்டால் கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் ஒரு குழப்பம் தவறாமல் வரும். சித்திரையில் ஏசியை 24 டிகிரியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள், தை மாதம் அறைக்குள் 22 டிகிரி இருக்கும்போது இரண்டாவது போர்வை தேடுகிறார்கள். இரண்டு டிகிரிக்கு இவ்வளவு நடுக்கம் எப்படி வரும்? அப்படியானால் ரூம் ஹீட்டர் வாங்கிவிடலாமா? வால்பாறையிலோ ஏற்காட்டிலோ சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறதே, நமக்கும் அது ஆகுமா?

சமவெளிக் கொங்கில் பெரும்பாலான வீடுகளுக்கு ஹீட்டர் தேவைப்படாது. பகலில் உள்ளே வந்த வெப்பத்தை இரவில் வெளியே விடாமல் பிடித்து வைத்தாலே போதும். மலையில் கணக்கு வேறு. ஆனால் அங்கேயும் முதல் செலவு கூரைக்குத்தான் போக வேண்டும், ஹீட்டர் அதற்கப்புறம். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உடம்புக்கு எது குளிர்?

தெர்மாமீட்டர் காட்டுவது காற்றின் வெப்பநிலையை மட்டும். உடம்போ நான்கு விஷயங்களைச் சேர்த்து உணர்கிறது: காற்று, சுற்றியுள்ள சுவர் மற்றும் கூரையின் வெப்பநிலை, காற்றின் வேகம், காலுக்குக் கீழே இருக்கும் தரை.

இதில் பலரும் கவனிக்காதது இரண்டாவது. நம் உடம்பு எந்நேரமும் வெப்பத்தைக் கதிராக வெளியே வீசுகிறது, சுவரும் கூரையும் அதே போல நம் மேல் வீசுகின்றன. காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றுப் பரப்புகளின் வெப்பநிலைக்கும் நடுவில் எது வருகிறதோ, கிட்டத்தட்ட அதைத்தான் நாம் உணர்கிறோம். சித்திரை இரவில் ஏசி அறையின் காற்று 24 என்றாலும், வெயில் குடித்த கூரையும் சுவரும் 32 இருக்கலாம். உடம்பு உணர்வது 28 அளவில். தை மாத விடியற்காலையில் காற்று 22, கூரை 19 என்றால் உணர்வது இருபதரை. தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரி வித்தியாசம் உடம்புக்கு ஏழெட்டு டிகிரி ஆகிவிடுகிறது. நடுக்கத்துக்குக் காரணம் இதுதான், உடம்பு பலவீனம் ஒன்றுமில்லை.

வெப்பம் வெளியேறும் வழிகள்

1. கூரை. பெரிய ஓட்டை இதுதான். மழை ஓய்ந்த பிறகு மார்கழி, தை மாத இரவுகளில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். மேகம் இருக்கும் இரவில் மேகமே கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும், தெளிந்த வானத்தில் அந்தத் தடை கிடையாது. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மொட்டை மாடி தன் வெப்பத்தை நேராக மேலே வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். காலையில் மாடியில் பனி ஈரம் படிந்திருப்பது அதனால்தான். ஐந்து அங்குல கான்கிரீட் வெப்பத்தை எளிதில் கடத்தும் பொருள், ஆகவே மேலே குளிர்ந்தது விடியலுக்குள் கீழேயும் இறங்கிவிடும்.

2. இடுக்குகள். கதவுக்கு அடியில் அரை அங்குல இடைவெளி சாதாரணம். மூன்றடி அகலக் கதவுக்கு அது 18 சதுர அங்குலத் துளை. வெதுவெதுப்பான காற்று லேசானது, மேலே ஏறி வெண்டிலேட்டர் வழியாகப் போகும். அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கதவுக்கு அடியில் நுழையும். மேல் துளையும் கீழ்த் துளையும் சேர்ந்துவிட்டால் அறைக்குள் ராத்திரி முழுவதும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

3. சன்னல் கண்ணாடி. மெல்லிய ஒற்றைக் கண்ணாடி வெப்பத்தை அதிகம் தடுக்காது. பரப்பு குறைவு என்பதால் கூரை அளவுக்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

4. சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைத் தாண்டி வெப்பம் வர ஏழு மணி நேரம் வரை ஆகும். மதியம் இரண்டு மணிக்கு மேற்குச் சுவர் வாங்கும் வெயில் இரவு ஒன்பது மணிக்கு உள்ளே வந்து சேர்கிறது. கோடையில் இது எதிரி, தை மாதம் இதுவே நண்பன்.

5. தரை. டைல்ஸ், கிரானைட் தரையின் வெப்பநிலை அறையை ஒட்டித்தான் இருக்கும். வெறுங்காலிலிருந்து வெப்பத்தை வேகமாக உறிஞ்சுவதால் அதிகம் குளிர்வது போலத் தெரிகிறது.

சமவெளிக்கு ஒரு கணக்கு, மலைக்கு ஒரு கணக்கு

கோவையில் ஜனவரி பகல் 30 டிகிரியை ஒட்டியும் விடியற்காலை 18, 19 டிகிரியை ஒட்டியும் இருப்பது வழக்கம். இரண்டுக்கும் நடுவில் 24 வருகிறது. அதாவது நாளின் சராசரியே சுகமான வெப்பநிலை! கனமான சுவர் உள்ள வீட்டைச் சரியான நேரத்தில் திறந்து, சரியான நேரத்தில் மூடினால் உள்ளே அந்தச் சராசரியை ஒட்டியே நிற்கும். ஒரு யூனிட் கரண்ட் கூட வேண்டாம்.

மலையில் அப்படி இல்லை. உயரே போகப் போக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 0.65 டிகிரி குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. வால்பாறை ஆயிரம் மீட்டரைத் தாண்டியது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர், உதகை 2,200 மீட்டருக்கும் மேல். ஏற்காட்டில் பகல் சராசரியே சேலத்தைவிட எட்டு டிகிரி அளவுக்குக் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்தாலும் அங்கே போதாது, மேலே கொஞ்சம் சேர்க்க வேண்டும். அதிலும் பள்ளத்தில் இருக்கும் வீடுகளுக்குக் குளிர் இன்னும் கூடுதல். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தேங்கிவிடும். உதகையில் உறைபனி பள்ளமான புல்வெளிகளில்தான் முதலில் விழுகிறது.

எது குளிர், எது அபாயம் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. சமவெளியின் கட்டட வீடுகள் பெரும்பாலும் அதற்கு மேலேயே நிற்கும். ஷீட் வீடுகளும் மலை வீடுகளும்தான் கீழே இறங்குகின்றன.

சமவெளி வீட்டில் செய்ய வேண்டியவை

நேரம்தான் முக்கியம். காலை பத்து மணிக்கு மேல் வெளிக்காற்று வீட்டை விட வெதுவெதுப்பாகிவிடும். அப்போது சன்னல்களைத் திறந்து, திரைகளை விலக்குங்கள். நான்கு மணி, நாலரைக்குள் மூடிவிடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: விடிந்ததும் காற்றோட்டத்துக்காக எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வேலைக்குக் கிளம்பும்போது பூட்டிவிட்டுப் போகிறார்கள். குளிர் உள்ளே வருகிறது, வெயில் வெளியே நிற்கிறது. வேலைக்குப் போகும் குடும்பங்களுக்குப் பகலில் திறக்க வழி இல்லை என்பது உண்மை. அவர்கள் கண்ணாடிச் சன்னலின் திரையை மட்டுமாவது விலக்கிவிட்டுப் போகலாம்.

எந்தச் சன்னல்? தெற்குச் சன்னல். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். கோவை இருக்கும் 11 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் கடைசியில் உச்சி வெயில் கூட 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஆகவே தெற்குச் சுவருக்கு நாள் முழுவதும் வெயில் கிடைக்கும். இரண்டடி சன்ஷேடு இருந்தால் நண்பகலில் அதன் நிழல் மூன்றடிக்குச் சற்றுக் குறைவாக இறங்கும், காலை ஒன்பது மணிக்கு இரண்டடிச் சொச்சம்தான். நான்கடி உயரச் சன்னலில் மிச்சம் இருக்கும் பரப்பு வழியாக வெயில் தரை வரை வரும். வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் தலைக்கு மேலே வந்து சற்று வடக்கே போய்விடுவதால் அதே சன்னல் வெயிலை உள்ளே விடாது. தெற்குச் சன்னலுக்கு எதிரே அலமாரி வைத்து அடைத்துவிட்ட வீடுகள் இலவசமாகக் கிடைப்பதை வேண்டாம் என்கின்றன.

காற்று வரும் திசையும் மாறுகிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, மார்கழியில் வடகிழக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும். கொங்கில் கிழக்கு பார்த்த வாசல் அதிகம் என்பதால் தலைவாசல் கதவின் அடி இடுக்கிலிருந்து வேலையைத் தொடங்குங்கள். கடைகளில் கிடைக்கும் ரப்பர் பட்டையை அடித்தால் அரை மணி நேர வேலை. ஒரு பழைய துண்டைச் சுருட்டி வைத்தாலும் அதே பலன். கிழக்கு, வடக்குச் சன்னல்களுக்குக் கனமான திரை போடுங்கள். கரூர்த் திரைத்துணி நாடெங்கும் போகிறது, நம் சன்னலுக்கு மெல்லிய பாலியஸ்டர் எதற்கு? திரை சன்னல் சட்டத்தை விட இரண்டு பக்கமும் அகலமாக, தரை வரை தொங்க வேண்டும். தடுப்பது துணி மட்டும் இல்லை. திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அசையாமல் நிற்கும் காற்றும் சேர்ந்துதான் தடுக்கிறது. கான்கிரீட்டை விட அசையாக் காற்று வெப்பத்தைக் கடத்துவது ஐம்பதில் ஒரு பங்கு அளவுதான். போர்வை, கம்பளி, தெர்மாகோல், ஓலைக்கூரை எல்லாமே காற்றைச் சிறை வைக்கும் வெவ்வேறு வழிகள். தோட்டத்துச் சாளையில், அதாவது குடிசையில், தடிமனாக ஓலை வேய்ந்திருந்தால் உள்ளே அவ்வளவு இதமாக இருப்பதற்கும் காரணம் இதுவே.

தரைக்குப் பவானி ஜமுக்காளம் போதும். கட்டிலுக்குப் பக்கத்தில் கால் வைக்கும் இடத்தில் பொள்ளாச்சித் தென்னைநார் மிதியடி ஒன்று போடலாம். படுக்கையில் ஒரே கனமான போர்வையை விட இரண்டு சென்னிமலைப் பெட்ஷீட்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போர்த்துவது நன்றாகத் தாங்கும், நடுவில் காற்று நிற்பதால். தரையில் படுப்பவர்கள் மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே ஒரு மெத்தையோ கனமான விரிப்போ இல்லாமல் குளிர் போகாது.

மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொசுவுக்காக மார்கழியிலும் ஃபேனைப் போட்டுவிட்டு, அந்தக் குளிருக்காகப் போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் வீடுகள் ஏராளம். மிதமான ஃபேன் காற்றே உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைவான உணர்வைத் தரும். கொசுவலை கட்டினால் ஃபேன் வேண்டாம். வலைக்குள் காற்றோட்டமும் குறைவதால் கொஞ்சம் வெதுவெதுப்பும் கூடும். இத்தனை யோசனைகளில் சமவெளிக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் கொசுவலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஷீட் வீடுகள்

திருப்பூர், ஈரோட்டு லைன் வீடுகளிலும் வால்பாறை எஸ்டேட் குடியிருப்புகளிலும் கூரை பெரும்பாலும் தகரமோ சிமெண்ட் ஷீட்டோதான். கோடையில் வேகவைப்பதும் பனியில் நடுங்கவைப்பதும் அதே கூரை. மெல்லிய ஷீட்டுக்கு வெப்பத்தைத் தேக்கி வைக்கும் கனம் இல்லை. சூரியன் போன ஒரு மணி நேரத்துக்குள் வெளிக்காற்றின் நிலைக்கு வந்துவிடும். விடியலில் மேலிருந்து சொட்டும் நீரும் கூரை ஒழுகலாக இருக்க வேண்டியதில்லை. தூங்குபவர்களின் மூச்சில் இருக்கும் ஈரம் குளிர்ந்த ஷீட்டில் பட்டு நீராகிறது.

மலையில் பத்துக்குப் பன்னிரண்டடி ஷீட் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளேயும் வெளியேயும் பத்து டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும் என்றால், கூரை வழியாக மட்டும் சுமார் 600 வாட் வெப்பம் போய்க்கொண்டே இருக்கும். ஷீட்டுக்குக் கீழே இரண்டு அங்குலத் தெர்மாகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் அடித்தால் அது 70 வாட் அளவுக்கு இறங்கிவிடும். தூங்கும் இரண்டு பேர் உடம்பிலிருந்து வெளிவருவதே 150 வாட்டை ஒட்டி. ஹீட்டர் வாங்கும் முன் சீலிங் அடிக்கச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும், எரிந்தால் நச்சுப்புகை வரும். ஜிப்சம் போர்டுக்கு மேலே மறைவாக இருக்க வேண்டும், சமையலறையிலும் ஒயர் ஓடும் இடத்திலும் கூடாது. இரண்டாவது, பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. சீலிங்கைச் சுவரிலிருந்து தாங்க வைக்க முடியும். சொந்தச் செலவில் சீலிங் அடிக்க வாடகைக்காரர்களுக்கு இயலாது என்பதும் தெரிந்ததே. லைன் வீடு கட்டி வாடகைக்கு விடுபவர்கள் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஹீட்டர் வாங்கினால்

கம்பி சிவக்கும் ஹீட்டர், ஃபேன் வைத்த ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் எல்லாமே ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரே அளவு வெப்பம்தான் தருகின்றன. "குறைந்த கரண்டில் அதிக வெப்பம்" என்ற விளம்பரத்தை இந்த மூன்றுக்கும் நம்பாதீர்கள். வித்தியாசம், தரும் விதத்தில்தான். சிவக்கும் கம்பி எதிரே உட்கார்ந்தவரை உடனே சூடாக்கும். ஃபேன் ஹீட்டர் சிறிய அறையின் காற்றைச் சீக்கிரம் சூடாக்கும். எண்ணெய் ஹீட்டர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், தூங்கும் அறைக்கு அதுதான் பொருத்தம். சூடாக்கவும் செய்கிற ஏசி மட்டும் வேறு வகை. வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து வருவதால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தர வல்லது.

செலவைப் பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். இரவு எட்டு மணி நேரம் விடாமல் ஓடினால் 16 யூனிட், 60 நாளுக்கு 960. தெர்மோஸ்டாட் பாதி நேரம் அணைத்தாலும் 480. நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகை விலையும் மாறிவிடுகிறது. கூடிய யூனிட்டுகளுக்கு மட்டும் பணம் கூடுவதில்லை, மொத்தப் பில்லே ஏறுகிறது.

2,000 வாட் என்றால் ஒன்பது ஆம்பியரை நெருங்கும். சாதாரண சின்ன பிளக் பாயிண்ட் தாங்குவது 6 ஆம்பியர். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் போடுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். திரைக்கும் போர்வைக்கும் மூன்றடி தள்ளி வையுங்கள்.

கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்

மலை ஊர்களில் கரிக்கங்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. பலரும் சமவெளியிலிருந்து சுற்றிப்பார்க்கப் போனவர்கள். புகைதான் ஆபத்து, புகை அடங்கிய கங்கில் பயமில்லை என்று நினைப்பதே இதன் அடிப்படை. உண்மை நேர்மாறு.

1. கரி போதிய காற்று இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது.
2. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.
3. முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தூக்கம். விழித்திருப்பவர் வெளியே போகலாம். தூங்குபவருக்கு எதுவுமே தெரியாது.
4. சன்னலை லேசாகத் திறந்து வைத்தால் போதும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை.

சாம்பல் பூத்து, அணைந்தது போலிருக்கும் கங்கிலிருந்தும் இந்த வாயு வரும். குளிர் காய்வது வாசலில் இருக்கட்டும். சட்டியை வெளியே அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். குளியலறைக்குள் வைத்த கேஸ் கீசருக்கும் இதே விதி, இடுக்குகளை அடைக்கும்போது அந்த அறையின் வெண்டிலேட்டரைத் தொடாதீர்கள். யாருக்காவது சந்தேகம் வந்தால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய் 108-ஐ அழையுங்கள்.

குன்னூர், உதகைப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் நெருப்புக்குப் புகைபோக்கி இருக்கிறது. அது பாதுகாப்பானது, ஆனால் குழாய் அடைபடாமல் இருக்க வேண்டும். நெடுநாள் எரிக்காத புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் பற்றவைக்கக் கூடாது.

முதியவர்கள், பச்சிளம் குழந்தைகள்

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்த அழுத்தம் ஏறும். வெதுவெதுப்பான படுக்கையிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்குப் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பொடக்காணிக் கழிவறைக்கு வெறுங்காலில் நடப்பது வயதானவர்களுக்கு நல்லதில்லை. செருப்பு, தலைக்குத் துண்டு, எழுந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நடப்பது, இவை போதும். பிறந்த குழந்தைக்கு ஹீட்டர் பக்கத்தில் படுக்கை போடாதீர்கள். தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்துவது குழந்தையைச் சரியான சூட்டில் வைக்கும்.

கூரைக்கு வெள்ளை அடித்தால் தை மாதம் இன்னும் குளிருமா?

வெள்ளைப் பூச்சு பகல் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் உள்ளே வரும் வெப்பம் குறையும். இரவில் வெப்பத்தை வீசுவதில் வெள்ளைப் பூச்சுக்கும் வெறும் கான்கிரீட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கொங்குச் சமவெளியில் வெயில் மாதங்கள் நீளம், பனி மாதங்கள் இரண்டு. ஆகவே வெள்ளை அடிப்பது லாபமே. மலையில் அது வேண்டாம்.

புதிதாகக் கட்டுபவர்கள் பூச்சோடு நிற்காமல் வெப்பத்தடுப்பையே யோசிக்கலாம். கான்கிரீட் மேல் இரண்டு அங்குலத் தடுப்புப் பலகை வைத்து, அதன் மேல் தளம் போட்டால் கூரை வழியாகப் போகும் வெப்பம் ஆறில் ஒரு பங்காகும், கோடையில் வருவதும் அப்படியே. பலகையைக் கான்கிரீட்டுக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்று கட்டடக்காரர் கேட்டால், எப்போதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு மேலே என்று சொல்லுங்கள். அப்போது கனமான கான்கிரீட் வீட்டுக்குள் அடங்கி நின்று, பகல் வெப்பத்தை இரவுக்கு வைத்திருக்கும். வார இறுதியில் மட்டும் போய்த் தங்கும் மலை வீடு என்றால் கீழே இருப்பதுதான் நல்லது. அறை சீக்கிரம் சூடாகும், கான்கிரீட்டைச் சூடாக்கக் காத்திருக்க வேண்டாம்.